என் முழங்காலும் பக்கத்து வீட்டு நாயும்

இந்த நாட்டில் மண்ணைக் கடையில் விற்கிறார்கள். பிளாஸ்டிக் பைகளில் அடைத்து, முன்பக்கத்தில் பூப்படம் போட்டு, பின்பக்கத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சடித்து, பிஸ்கட் பெட்டிகளைப் போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். தக்காளிக்கு ஒரு மண், ரோஜாவுக்கு ஒரு மண், சாடிக்குள் வளரும் செடிக்கு வேறொரு மண். போன வருடக் குளிர்காலத்தில் ஒரு காலை, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல்களோடு அந்த அடுக்குகளின் முன்னால் நெடுநேரம் நின்றேன். எனக்குத் தேவைப்பட்டது வெறும் மண். கடைக்காரப் பெண் வந்து, என்ன பயிரிடப் போகிறீர்கள் என்று கேட்டாள். பயிரிடுவதற்கு இல்லை, கழுவுவதற்கு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஊன்றுகோல்களைப் பார்த்தாள், பிறகு மிகவும் பரிவோடு சவர்க்காரங்கள் இருக்கும் பக்கத்தைக் கைகாட்டினாள்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாயின் எச்சில் நஜீஸ், அதாவது அசுத்தம், அது பட்ட பொருளை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது சின்ன வயதில் ஓதப் போன இடத்திலேயே எங்களுக்குப் பாடம். அப்படிக் கழுவினால்தான் அந்த உடுப்போடு தொழலாம். ஆனால் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் பிறந்து வளர்ந்த காலம் முழுவதும் அந்தப் பாடத்தைச் செய்து பார்க்கும் தேவை எனக்கு ஒரு நாளும் வரவில்லை. அங்கே நாய்கள் மீன் சைக்கிள்களுக்குப் பின்னால் போகும். வாப்பா குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை காட்டினால் சந்திவரை ஓடும். வீட்டுக்குள் நாய் வளர்ப்பவர்கள் எங்கள் தெருவில் எவரும் இல்லை.

மற்றப் பிராணிகளின் தொல்லைக்குக் குறைவில்லை. கல்முனை பிரதான வீதியில் இரவானால் மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும், பஸ்கள்தான் ஒதுங்கிப் போகும். பக்கத்து வீட்டு ஹபீபா மச்சியின் ஆடு, வேலி என்ற ஒன்று இருப்பதாகவே கருதுவதில்லை. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் குடிசார் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு நாள் குந்தியிருந்து கீறிய ஒரு பாலத்தின் வரைபடத்தை அது தின்றுவிட்டது. உம்மா வேலியோரம் போய்ச் சத்தம் வைத்தா.

"ஹபீபா! உங்கட ஆட்ட நீங்க கட்டுறயா, நான் கட்டவா? என்ட புள்ளட படத்தத் தின்னுட்டு நிக்கி!"

"தின்னட்டும் மச்சி! என்ட புள்ளையள்தான் படிக்கிதில்ல, ஆடாவது படிச்சி முன்னுக்கு வரட்டும்!"

காலையில் இவ்வளவும். பின்னேரம் ஹபீபா மச்சியின் வீட்டிலிருந்து ஒரு கோப்பை இனிப்பான வட்டிலாப்பம் வேலிக்கு மேலால் வந்தது. உம்மா கோப்பையைக் கழுவி, அதில் பழம் வைத்துத் திருப்பி அனுப்பினா. விவகாரம் முடிந்தது. எங்கள் கரையில் அயலவர் சண்டை அன்றன்றைக்கே தொடங்கி அன்றன்றைக்கே முடியும். அதற்கு மேல் வைத்திருக்க யாருக்கும் இடமில்லை, வீடுகள் அவ்வளவு நெருக்கம்.

நியூசிலாந்தின் வடதீவில், கடல் கண்ணுக்கெட்டாத ஒரு நகரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. நானும் என் கணவர் றிஸ்மியும். அவர் கைத்தறி நெசவுக்குப் பெயர்போன மருதமுனைக்காரர், பால்மா தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை செய்கிறார். நான் ஒரு நிறுவனத்தில் வடிகால்களின் வரைபடம் கீறுகிறேன். வாடகைக்கு எடுத்த வீடு மரத்தாலானது, குட்டையான தூண்களில் நிற்பது. அந்த வீட்டில் எங்களைக் கஷ்டப்படுத்தியவற்றை ஒழுங்காகச் சொன்னால், முதலாவது புகை எச்சரிக்கை மணி. கடுகு வெடித்தால் அலறும், கருவேப்பிலை போட்டால் அலறும், கருவாடு பொரித்தால் தெருவே கேட்க அலறும். றிஸ்மி கதிரையில் ஏறி நின்று இடுப்பில் உடுத்த சாறனின் தலைப்பால் அதற்கு விசிறுவார், கீழே நான் தாளிப்பேன். இரண்டாவது, பின்கதவு. காற்றடித்தால் தானே சாத்திக்கொள்ளும், சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். மூன்றாவது, பின்படி. மழைக்காலத்தில் அந்தப் பலகையில் பாசி பிடித்துவிடும். நான்காவது, வேலியில் கழன்ற ஒரு பலகை. அந்தப் பலகை வழியாக வருவதுதான் ஐந்தாவது, டியூக்.

டியூக் பக்கத்து வீட்டு லொரெய்னின் நாய். கன்றுக்குட்டி அளவு, மண்ணிற முடி, யாரைக் கண்டாலும் வாழ்நாள் முழுக்க அவரைத்தான் எதிர்பார்த்திருந்ததுபோல் பாய்ந்து வரும். லொரெய்ன் ஐம்பது வயதைத் தாண்டியவர், நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். பலகையைப் பற்றியும் டியூக்கைப் பற்றியும் ஒருமுறை அவரிடம் சொன்னேன். ஊரில் உம்மா சொல்வதுபோல் சொல்ல எனக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உங்கள் நாய் அடிக்கடி எங்கள் பக்கம் வருகிறது என்று சொன்னேன். லொரெய்னின் முகம் மலர்ந்தது. அவனுக்கு உன்னைப் பிடித்துவிட்டது என்றார்.

விபத்து ஒருபோதும் ஒரே காரணத்தால் நடப்பதில்லை என்று எங்களுக்குக் கல்லூரியில் படிப்பித்தார்கள். ஒரு மழை விட்ட மதியம் அதை நானே நிரூபித்தேன். கொடியிலிருந்து தொழுகை உடுப்பை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, சேற்றில் நனைந்த டியூக் பலகை வழியாக வந்தான். உடுப்பைக் காப்பாற்ற ஓடினேன். பின்கதவு பூட்டிக் கிடந்தது. பாசிப் பலகையில் கால் வழுக்கியது. படியின் விளிம்பில் இடது முழங்கால் அடிபட்ட சத்தம் எனக்கே கேட்டது. விழுந்து கிடந்த நிலையிலும் கூடையைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தேன். டியூக் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினான். உடுப்பில் ஒரு சொட்டும் படவில்லை. ஆனால் முழங்கால் சில்லு இரண்டாக உடைந்திருந்தது.

சத்திரசிகிச்சை செய்து, சில்லைக் கம்பியால் கட்டி, தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை நீண்ட ஒரு காப்புக் கவசத்தைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் கால் மரக்கட்டையாக விறைத்துவிட்டது. மெகன் என்ற இயன்மருத்துவர் என்னைப் பொறுப்பெடுத்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவராக இருக்கலாம், எப்போதும் ஓட்டச் சப்பாத்து. முதல் நாள் அவர் கேட்ட கேள்வி, உன் இலக்கு என்ன என்பது. இங்கே எல்லா நோயாளிகளிடமும் கேட்பார்களாம். சிலர் மலை ஏற வேண்டும் என்பார்கள், சிலர் பேரப்பிள்ளையோடு பந்தடிக்க வேண்டும் என்பார்கள்.

"என் நெற்றி நிலத்தில் பட வேண்டும்" என்றேன்.

மெகன் எழுதுவதை நிறுத்தினார். "உனக்குத் தலைசுற்றல் இருக்கிறதா?"

"இல்லை. நானாகத்தான் நெற்றியை வைக்க வேண்டும். முழங்காலை மடித்து, குதிகாலில் அமர்ந்து, பிறகு குனிந்து."

"ஓ, யோகா!" என்று சந்தோஷப்பட்டார்.

யோகா இல்லை, தொழுகை, ஒரு நாளில் பல தடவை என்று விளங்கப்படுத்தினேன். அவர் ஒரு கோணமானியை என் முழங்காலில் வைத்துப் பார்த்தார். படியேற, காரில் ஏற, கதிரையில் இருந்து எழும்ப, எல்லாவற்றுக்கும் செங்கோணத்துக்குக் கொஞ்சம் மேல் மடங்கினால் போதும் என்றும், நான் கேட்பது முழங்காலின் கடைசி எல்லை என்றும் படம் கீறிக் காட்டினார். இப்படி உடைந்த பிறகு அங்கே திரும்பிப் போகிறவர்கள் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. படம் கீறிக் காட்டுபவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து தொழுதபோது, இனி ஆயுள் முழுக்க இப்படித்தானோ என்ற பயம் முதல் தடவையாக வந்தது. முடியாதவர் கதிரையில் தொழலாம், அதில் ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாலெல்லாம் மனம் ஆறவில்லை. நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூது செய்ய வேண்டிய இடத்தில் தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்துவிட்டு நிமிரும்போது, வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவதுபோல் இருந்தது.

அந்த நாட்களில்தான் லொரெய்ன் வரத் தொடங்கினார். வேலை முடிந்து வந்ததும், டியூக்கை வாரில் பிடித்துக்கொண்டு எங்கள் கேற்றடியில் வந்து நிற்பார். நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த கிழமை படியடிவரை வந்தார்கள். அதற்கடுத்த கிழமை முன்வாசல் கதிரைவரை. நாய் செய்த பிழைக்கு நாயையே கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்பது இந்த நாட்டு வழக்கம் போலும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வீடு தேடி வந்தவரைப் போகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்குத்தான் வரும்? ஊன்றுகோலோடு குசினிக்குப் போய்த் தேநீர் ஊற்றினேன். றிஸ்மி அதை மேசைக்குக் கொண்டு வருவார். தொதல் என்ற ஊர் இனிப்பு இருந்த நாளில் அதையும் கொடுத்தோம். லொரெய்ன் என்னையே கூர்ந்து பார்த்து, "நன்றாகச் செய்கிறாய், மிகவும் நன்றாகச் செய்கிறாய்" என்பார். தேநீரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் லொரெய்ன் வாரைத் தளர்த்தினார். டியூக் மெதுவாக வந்து, கவசத்தை மேலிருந்து கீழ்வரை நக்கினான். பிறகு ஒரு ஊன்றுகோலை நக்கினான். லொரெய்ன் கைதட்டினார். நான் சிரித்த முகத்தோடு தேநீரைக் குடித்து முடித்தேன். மறுநாள் காலை றிஸ்மி என்னைக் கடையில் இறக்கிவிட்டார்.

மண் வாங்கிய கதையைத்தான் மேலே சொன்னேன். சிறிய பையாகப் பார்த்து எடுத்து வந்து, பின்படியில் இருந்துகொண்டு, வாளியில் மண்ணைக் கரைத்துக் கவசத்தையும் ஊன்றுகோலையும் ஒழுங்காகக் கழுவினேன். எதையும் வரிசைப்படி செய்பவள் நான். அந்தப் பையின் பின்பக்கத்தை மட்டும் எல்லாம் முடிந்த பிறகுதான் வாசித்தேன். மரப்பட்டை, கடற்பாசி, ஆட்டெரு, கோழியெரு. உடனே ஊருக்கு அழைத்தேன்.

"உம்மா, மண்ணெண்டு வாங்கினன். ஆனா அதுல ஆட்டெருவும் கோழியெருவும் கலந்திரிக்கி."

"என்ன புள்ள கதைக்கிறாய்? காசு குடுத்து எருவயா வாங்கின?"

"மேல மண்ணெண்டுதானே போட்டிருந்திச்சு."

"மறுகா? ஒரு நஜீஸக் கழுவ இன்னொரு நஜீஸா? நில்லு, வாப்பாட்ட கேக்கன்."

பின்னால் வாப்பாவின் குரல் கேட்டது. "மாவடிப்பள்ளி வயல்ல மண் சும்மாதான் கிடக்கு. ஒரு மூட்ட கட்டி அனுப்பட்டா எண்டு கேளு!"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. புள்ள அங்க ஒத்தக் கால்ல நிக்கி."

"பகிடி இல்லகா, கப்பல்ல போட்டா போகும்!"

போகாது. முதன்முதலில் இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்தில் எங்கள் சப்பாத்தின் அடியைத் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். வெளிமண் ஒரு துகளும் உள்ளே வரக்கூடாதாம். அன்று றிஸ்மியின் சப்பாத்தில் ஒட்டியிருந்த கொஞ்ச மண்ணை ஒரு உத்தியோகத்தர் தூரிகையால் தேய்த்து எடுத்தார். அவ்வளவு கவனமாகக் காக்கும் நாட்டின் மண்ணில் சுத்தமான ஒரு பிடி எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வளவிலும் வீட்டுக்காரர் புல்லுக்கு உரம் கொட்டியிருந்தார். நான் படியில் இருந்து சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன், பிறகு மறுபடி வாளியை எடுத்தேன்.

வேலிக்கு மேலால் லொரெய்னின் தலை தெரிந்தது. "என்ன அது, காலுக்கு மருந்தா?"

இந்த முறை சிரித்து மழுப்பவில்லை. டியூக்கின் எச்சில் பட்டால் இப்படிக் கழுவ வேண்டும் என்றேன். லொரெய்னின் முகம் மாறியது. டியூக்குக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறது, பூச்சி மருந்தும் கொடுத்திருக்கிறது என்றார். நோயைப் பற்றியது இல்லை என்றேன். "தொழுவதற்கு முன்னால் நான் ஒரு முறையில் ஆயத்தமாகிறேன். டியூக் தொட்டால் மறுபடியும் ஆயத்தமாக வேண்டும். அவன் மீது எனக்குக் கோபமில்லை."

லொரெய்ன் யோசித்தார். "பஸ்ஸை எடுப்பதற்கு முன் நான் சுற்றி வந்து எல்லாம் பார்ப்பேன். டயர், கண்ணாடி, கதவு. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதல் டயரிலிருந்து பார்ப்பேன். அப்படியா?"

"அப்படியேதான்."

"சரி, அது எனக்குப் புரியும்." பிறகு திடீரென்று, "அப்படியென்றால் உனக்கு நாய்ப் பயம் இல்லையா?" என்றார்.

"இல்லை."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை."

லொரெய்ன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டியூக்குக்குப் பயந்து ஓடித்தான் நான் விழுந்தேன் என்று எண்ணி, நாய்ப் பயம் உள்ளவர்களை எப்படிச் சிறிது சிறிதாகப் பழக்குவது என்று எங்கோ வாசித்துவிட்டு, கேற்று, படி, கதிரை என்று கிழமைக்குக் கிழமை அவர் எனக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தாராம். "நீ தேநீர் தந்தாய். உன் கை நடுங்கவில்லை. என் வைத்தியம் வேலை செய்கிறது என்று நினைத்தேன்!" என்றார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு நல்ல குணங்கள் ஒன்றோடொன்று மோதி என் கவசத்தை நாய் நக்கும்படி ஆகியிருந்தது.

அன்று பின்னேரம் அவர் தன் வீட்டின் அடியில் நுழைந்து, எந்தச் செடியும் எந்த உரமும் கண்டிராத மஞ்சள் மண்ணை வெட்டி, ஒரு வாளி நிறையக் கொண்டு வந்து வைத்தார். வேலிப் பலகையையும் ஆணி அடித்து இறுக்கினார். பலகை இறுகிய ஒரு கிழமைக்குள் டியூக் வேறொரு வழி கண்டுபிடித்துவிட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கவசம் கழன்றது, ஊன்றுகோல்கள் கழன்றன. காலையில் வேலைக்குப் போகும் முன்னும் மாலையில் வந்த பின்னும் மடிக்கும் பயிற்சி. மெகன் சொன்ன முறை எளிமையானது. முழங்காலில் நின்று, குதிகாலுக்கும் உடம்புக்கும் நடுவில் எதையாவது அடுக்கி வைத்து அதன்மேல் அமர வேண்டும். அடுக்கு எவ்வளவு குறைகிறதோ, கால் அவ்வளவு மடங்கும். தலையணை புதைந்துபோகிறது. போர்வை சரிகிறது. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரே தடிப்பில், ஒரே அகலத்தில், மடித்தால் அசையாமல் நிற்கும் பொருளைக் கண்டுபிடித்தேன். றிஸ்மியின் மருதமுனைச் சாறன்கள். அலுமாரியில் இருந்த அத்தனையையும் எடுத்து அடுக்கினேன்.

"எனக்கு வீட்டுல உடுக்க ஒண்டும் இல்லயே புள்ள" என்றார் றிஸ்மி.

"காற்சட்ட உடுங்க."

"காற்சட்டயால அந்த மணிக்கு விசுறேலாது."

ஒவ்வொரு சாறனாக அடுக்கு குறைந்தது. அலுமாரிக்கு ஒரு சாறன் திரும்பிப் போகும் நாளெல்லாம் எங்கள் வீட்டில் பெருநாள். பிறகு ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. ஐந்து சாறன் இருந்தால் அமர முடியும், நான்கென்றால் முழங்காலுக்குள் கம்பி சுண்டி இழுப்பதுபோல் இருக்கும், எழுந்துவிடுவேன். வாரக் கணக்காக அதே ஐந்து. மெகன் அளந்து பார்த்து, படி ஏறுகிறாய், கார் ஓட்டுகிறாய், இது மிக நல்ல முடிவு என்று என்னைப் பாராட்டி அனுப்பிவைக்கப் பார்த்தார். "இன்னும் இல்லை" என்றேன். "பலருக்கு இதற்கு மேல் வருவதில்லை. தேவையும் இருப்பதில்லை" என்றார் மெதுவாக. "எனக்குத் தேவை இருக்கிறது."

அந்த நேரத்தில்தான் தங்கை ஸஹீனாவின் கலியாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். மூத்தவள் எனக்கு வரவேண்டிய வீட்டை, நான் இங்கே வந்துவிட்டதால், முழு மனதோடு ஸஹீனாவுக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உம்மா தொலைபேசியில் சொன்ன ஒரு சொல்தான் தைத்தது. "நீ ஒண்டுக்கும் யோசிக்காத மகள். உனக்கெண்டு புதுக் கதிர ஒண்டு வாங்கி வெச்சிரிக்கன். அதுலயே இரிந்து தொழு, அதுலயே இரிந்து தின்னு." கலியாண வீட்டில் எல்லாரும் பாயில் இருந்து சஹனைச் சுற்றிச் சாப்பிடுவார்கள். ஒரே பெரிய தட்டு, எல்லார் கையும் அதற்குள். அந்தத் தட்டுக்கு மேலே, ஒரு கதிரையில், தனிக் கோப்பையோடு, என்னுடைய பழைய வீட்டில் நான் விருந்தாளியாக இருக்கும் காட்சி என் கண்முன் வந்து நின்றது.

அடுத்த சனிக்கிழமை சாறன்களைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் எடுக்கப் போனால் நான்குதான் தொங்கின. ஐந்தாவதை டியூக் இழுத்துக்கொண்டு போயிருந்தான். வேலியால் எட்டிப் பார்த்தேன். நீலச் சதுரக் கோடு போட்ட சாறனைப் பரப்பி, அதன் நடுவில் நாய் படுத்திருந்தது. பக்கத்தில் லொரெய்ன் நின்று, இரண்டு பக்கமும் திறந்த இந்தத் துணிப்பையை எதற்குப் பாவிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். "அது இனி அவர்ட சாறன்" என்றார் றிஸ்மி. சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அலுமாரிக்குத் திரும்பிப் போயிருந்தவற்றையும் அவர் ஒவ்வொன்றாக உடுத்துக் களைந்திருந்தார், அவை வாளிக்குள் ஊறின. அடுக்குவதற்கு என்னிடம் இருந்தது நான்கு. பயிற்சியைத் தவறவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக அந்த நான்கின் மேல் அமர்ந்தேன். சுண்டி இழுத்தது. இழுக்கட்டும் என்று மூச்சை விட்டேன். இழுத்துக்கொண்டே இருந்தது, ஆனால் ஒன்றும் அறுந்துபோகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வலி ஒரு இடத்தில் நின்றது. நான் அமர்ந்திருந்தேன். வெறும் அறையில் தனியாக இருந்துகொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன். வேலிக்கு அப்பால் டியூக் குரைத்தான்.

மறுமுறை கோணமானியை வைத்த மெகன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்தார். என்ன செய்தாய் என்று கேட்டார். பக்கத்து வீட்டு நாய் என் கணவரின் உடுப்பைத் திருடிவிட்டது என்றேன். அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ தெரியாது, "நல்லது, தொடர்ந்து செய்" என்றார்.

ஊருக்குப் புறப்படும்போது அடுக்கில் ஒரே ஒரு சாறன் மிச்சம். அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். சாய்ந்தமருது வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கதிரை. பச்சை நிறம், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. கலியாண வேலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் என் காலைத்தான் பார்த்தார்கள். ஹபீபா மச்சி நெருங்கி வந்து அபாயாவுக்கு மேலாலேயே முழங்காலைத் தடவிப் பார்த்தா.

"உள்ளுக்குக் கம்பி போட்டிரிக்காமே? மழைக்குத் துரு புடிக்காதா புள்ள?"

"அது வெளிநாட்டுக் கம்பி மச்சி, துரு புடிக்கா" என்றாள் ஸஹீனா. "உங்கட வேலிக் கம்பி மாதிரியா?"

"வேலிக் கம்பியக் கதைக்காத, மறுகா ஆடு ஞாபகம் வரும் உங்கட உம்மாக்கு!"

பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுகைக்குப் பெண்கள் மண்டபத்தில் அணி வகுத்தார்கள். உம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தா. என் சாறன் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுக்கப் போகவில்லை. கதிரையைத் தாண்டி நடந்து, ஸஹீனாவுக்கும் ஹபீபா மச்சிக்கும் நடுவில், தோளோடு தோள் நின்றேன். "ராத்தா, ஏலுமா?" என்று ஸஹீனா வாய்க்குள் கேட்டாள். ஓம் என்றேன். ருகூஉவுக்குக் குனிந்து நிமிர்ந்தோம். எல்லாரோடும் சேர்ந்து இறங்கினேன். கை நிலத்தில் பட்டது. முழங்கால் மடங்கியது, இன்னும் மடங்கியது, கடைசி எல்லையில் ஒரு கணம் யோசித்துவிட்டு அதற்கு அப்பாலும் போனது. நெற்றி நிலத்தில் பட்டது. சீமெந்துத் தரை குளிர்ந்திருந்தது. உடைந்த நாளிலிருந்து அன்றுவரை, இறைவனிடம் கேட்கவென்று சேர்த்து வைத்திருந்த துஆக்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. நன்றி என்ற ஒன்றைத்தான் சொன்னேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பிப் பார்த்தபோது கதிரை அங்கே இல்லை. உம்மா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய்க்கொண்டிருந்தா. போகிற போக்கில் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டா. அன்றிரவு அந்தக் கதிரையில் சோற்றுக் கிடாரத்தின் மூடியை வைத்திருந்தார்கள். நான் பாயில் இருந்தேன். சஹனில் இறைச்சித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, "நோய்க்காரிக்கு" என்றா ஹபீபா மச்சி. "நோய்க்காரி எங்க இரிக்கா?" என்று கேட்டபடி அதை அவவின் பக்கமே திருப்பித் தள்ளினேன். தட்டைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் பங்கிருந்தது.

திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. இங்கே இப்போது வசந்தம் தொடங்குகிறது, பின்படியின் பாசியைச் சுரண்டிக் கழுவிவிட்டேன். இந்த நகரத்திலிருந்து தொழும் திசையான கிப்லாவை நோக்கி நின்றால், ஏறக்குறைய அதே திசையில்தான் ஊரும் இருக்கிறது. திசையறி கருவியை வைத்துப் பார்த்து நானே உறுதி செய்தது இது. ஊரில் நின்று தொழும்போது இந்த நாடு முதுகுக்குப் பின்னால் இருந்தது, ஒருமுறையாவது அதை நினைத்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு, தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தேன். காற்று இல்லை, கதவு தானாகச் சாத்தவில்லை, குசினியில் எதுவும் அலறவில்லை. சுஜூதுக்குப் போய் நெற்றியை வைத்ததும், தரைப் பலகைக்கு நேர் கீழே, வீட்டுத் தூண்களுக்கு இடையில், ஏதோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பலகையின் அடியில் ஒரு வால் தட்டியது. தொம், தொம் என்று, யாரோ வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்து தட்டுவதுபோல. என் முகம் ஊரைப் பார்த்திருந்தது. நெற்றிக்கும் அந்த வாலுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகை இருந்தது. நான் தலையை உயர்த்த அவசரப்படவில்லை.